கடல்நாய்க் குட்டிக்காக மூடிய கடற்கரை

1986ஆம் ஆண்டு ஆனி மாதம். ஜேர்மனியின் வடக்கே, டென்மார்க் எல்லைக்குக் கிட்ட, வடகடலில் உள்ள ஒரு சின்னத் தீவில் இது நடந்தது. தீவின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். என்னை அறிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். தங்களைப் பற்றிப் பிறர் கதைப்பது அவர்களில் ஒருவருக்கும் பிடிக்காது.

நானும் கணவரும் அதற்கு முந்தைய வருடம் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து, தஞ்சம் கேட்டு எழுதிக் கொடுத்தவர்கள். யாரை எங்கே அனுப்புவது என்பது அதிகாரிகளின் முடிவு. சிலருக்குப் பெரிய நகரம் கிடைத்தது. எங்களுக்கும் இன்னும் மூன்று தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தத் தீவு கிடைத்தது. நெஞ்சு வருத்தம் உள்ள பிள்ளைகள் நல்ல காற்றுக்காக வந்து தங்கும் விடுதியாக இருந்து, பிறகு மூடிக் கிடந்த ஒரு கட்டடத்தில் எங்களை வைத்தார்கள். கட்டில்கள் எல்லாம் பிள்ளைகளின் அளவு. என் கணவர் ஆறடி. குளிர்காலம் முழுக்க முழங்காலை மடக்கிக்கொண்டுதான் படுத்தார்.

குளிர்காலத்தில் அந்தத் தீவில் சில நூறு பேர்தான் இருந்தார்கள். ஜேர்மனும் இல்லாத, டேனிஷும் இல்லாத தங்களுடைய ஒரு சின்ன மொழியைப் பேசினார்கள். நாங்கள் கடைக்குள் நுழைந்தால், எங்களுக்கு விளங்க வேண்டும் என்று உடனே ஜேர்மனுக்கு மாறுவார்கள். அதுவும் எங்களுக்கு விளங்காது. ஆனால் அந்த மரியாதை விளங்கியது.

கோடை வந்ததும் வேறு தீவைப் பார்த்தேன். கப்பல் ஒவ்வொன்றும் ஊர்ச்சனத்தில் அரைவாசி அளவு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது. காலை ஒன்பது மணிக்கே பாண் முடிந்துவிடும். தீவுச் சனம் தங்கள் வீடுகளை வந்தவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு, கூரைக்கு அடியிலும் கொட்டில்களிலும் போய்ப் படுத்தார்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் குடும்பம், ஐந்து பேரும், சைக்கிள் வைக்கிற கொட்டிலுக்குக் குடிபோனார்கள். அவர்களுடைய கட்டிலில் வேறு யாரோ படுத்தார்கள், அவர்களுடைய குசினியில் வேறு யாரோ கோப்பி போட்டார்கள். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற என் கணவர் சொன்னார்:

"இஞ்சை பாரும். இவையும் எங்களைப் போலத்தான். வருசத்திலை மூண்டு மாதம் அகதி."

கடையில் அந்தச் சின்ன மொழி கேட்காமல் போனது. வந்தவர்களோடு ஜேர்மன் பேசிப் பேசி, பிள்ளைகள் தங்களுக்குள் விளையாடும்போதும் அதையே பேசினார்கள். அழகான வீடுகள் சிலவற்றைத் தூரத்து நகரத்துப் பணக்காரர்கள் வாங்கிவிட்டிருந்தார்கள். வருடத்தில் சில கிழமைகள்தான் அவற்றில் வெளிச்சம் தெரியும்.

கடற்கரைதான் பாவம். அந்தத் தீவுக்கு மதில் அதன் மணல் மேடுகள். அவற்றில் வளரும் ஒருவகைப் புல்லுத்தான் வேரால் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. குறுக்குவழி என்று ஆட்கள் ஏறி நடக்க, புல்லு செத்து, காற்று மணலை அள்ளிக்கொண்டு போகும். வெறும் மணலில் முட்டையிடும் பறவைகள், வந்தவர்கள் ஏற்றுகிற பட்டங்களைக் கண்டு பருந்து என்று பயந்து எழும்பினால், திரும்பி வரமுன் முட்டை குளிர்ந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது குப்பை மட்டும்தான். சம்பளத்துக்கு வேலை செய்ய எங்களுக்கு அனுமதி இல்லாத காலம் அது. ஊருக்கு உதவியாகக் கடற்கரையில் குப்பை பொறுக்கும்படி ஊர்ச்சபை சொல்லியிருந்தது. நுனியில் ஆணி வைத்த ஒரு தடியும் ஒரு சாக்கும் தந்தார்கள்.

அந்த வேலையில் என்னோடு நின்றவர் ஒரு தீவுப் பெண். என் வயதுதான், முப்பத்திரண்டு முப்பத்துமூன்று இருக்கும். எந்த நேரமும் பச்சை ரப்பர் சப்பாத்து போட்டிருப்பார். அதனால் எங்கள் விடுதியில் அவருக்குச் சப்பாத்துக்காரி என்று பெயர். காலையில் தன் வீட்டில் தங்கியிருந்தவர்களின் அறைகளைக் கூட்டித் துடைத்துவிட்டு, மத்தியானம் கடற்கரைக்குக் காவலுக்கு வருவார். ஆட்களைப் புல்லு மேட்டிலிருந்து இறங்கச் சொல்வதும் பறவைக் கூடுகளைச் சுற்றிக் கயிறு கட்டுவதும் அவர் வேலை. எனக்கும் அவருக்கும் இடையில் ஐம்பது அறுபது ஜேர்மன் சொற்கள் இருந்திருக்கும். மிச்சத்தைக் கையால் பேசினோம்.

அன்று சனிக்கிழமை, நல்ல வெயில். மூன்று கப்பல் வந்துவிட்டது. சப்பாத்துக்காரி தெற்குப் பக்கம் போயிருந்தார். நான் சாக்கோடு வடக்குக் கரைக்கு நடந்தேன். அந்தப் பக்கம் ஒரு ஐஸ்கிறீம் கடை உண்டு. அதைத் தாண்டி ஒரு சத்தம் கேட்டது. குழந்தை அழுகிற சத்தம்.

நான் ஊரில் மருத்துவமாதுவாக வேலை செய்தவள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பிள்ளைகளை இந்தக் கையால் எடுத்திருக்கிறேன். பசியில் அழுகிறதா, குளிரில் அழுகிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லுவேன் என்று ஒரு பெருமை எனக்கு இருந்தது. சாக்கைப் போட்டுவிட்டு ஓடினேன்.

முப்பது பேருக்குக் குறையாமல் வட்டமாக நின்றார்கள். நடுவில் மணலில் ஒரு கடல்நாய்க் குட்டி. ஜேர்மன் மொழியிலும் அதற்குக் கடல்நாய் என்றுதான் பெயர். சாம்பல் உடம்பு, கறுப்புப் புள்ளி, முகத்தில் பாதி கண். அது வாயைத் திறந்து கத்தியது, நாங்கள் எல்லோரும் பிறந்த உடனே கத்துகிற அதே சத்தத்தில். ஒருவர் வாளியில் கடல்தண்ணீர் கொண்டுவந்து அதன் மேல் ஊற்றினார். ஒரு தாய் தன் சின்ன மகளை அதற்குப் பக்கத்தில் இருத்திப் படம் எடுத்தார். இன்னொருவர் சொசேஜ் துண்டு ஒன்றை அதன் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரிலும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோருக்கும் அதில் இரக்கம்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் நேர்ஸ், நான் நேர்ஸ்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே புகுந்தேன். போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றிக் குட்டியைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். பத்துக் கிலோ இருக்கும். மீன் வாசம், நல்ல சூடு. வழி விட்டார்கள். யாரோ கைதட்ட, எல்லோரும் கைதட்டினார்கள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்காக ஒருவர் விலகி வழிவிட்டது அன்றுதான். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு அழுகை வருமளவுக்குப் பெருமையாக இருந்தது.

ஐஸ்கிறீம் கடையையும் தாண்டி, தார் வீதி வரையும் சுமந்துகொண்டு போனேன். எதிரே சைக்கிளில் சப்பாத்துக்காரி வந்தார். என் கையில் இருப்பதைக் கண்டதும் சைக்கிளை அப்படியே விழ விட்டார். பாராட்டப் போகிறார் என்று நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"எங்கை எடுத்தனீ? எவ்வளவு நேரம்? எத்தினை பேர் தொட்டவை?"

கையைக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. குட்டியைக் காட்டினார். பிறகு கடலைக் காட்டினார்.

"இதுக்குத் தாய் இருக்கு. அவள் விட்டுட்டுப் போகேல்லை. பிள்ளையைப் பத்திரமான இடத்திலை வைச்சுட்டுச் சாப்பாடு தேடப் போறவள். திரும்பி வருவாள். ஆக்கள் நிண்டா வரமாட்டாள். தண்ணிக்குள்ளை நிண்டு பார்த்துக்கொண்டிருப்பாள்."

நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்ததை அந்தத் தாய் பார்த்திருக்கும். அதை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

தாய் ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் துப்பாக்கி பிடிப்பதுபோலக் கையை வைத்துக் காட்டினார். கடல்நாய்களைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் நியமித்த ஒருவர் வருவார். பிழைக்காது என்று கண்டால், பசியில் கிடந்து சாக விடாமல் அவரே முடித்துவிடுவார்.

"தண்ணி இன்னும் கொஞ்ச நேரத்திலை ஏறத் தொடங்கும். அதுக்குள்ளை இருந்த இடத்திலை கொண்டுபோய் விடவேணும். பிறகு கரையிலை ஒருத்தரும் நிக்கக்கூடாது."

கோடைச் சனிக்கிழமை, வெயில், மூன்று கப்பல் சனம். வடக்குக் கரை முழுக்கத் துவாய் விரித்துக் கிடந்தார்கள். அந்த ஒரு நாளை நம்பித்தான் ஊரில் பாதிப்பேர் பிழைக்கிறார்கள். இது நடக்காது என்று நினைத்தேன்.

அவர் முதலில் போனது ஐஸ்கிறீம் கடைக்கு. அதன் முதலாளி அவருடைய சொந்தத் தம்பி. கடைக்கு முன்னால் பெரிய வரிசை. இருவரும் தங்கள் மொழியில் நாலு வார்த்தை பேசினார்கள். அவ்வளவுதான். தம்பி, வரிசையில் நின்றவர்களிடம் ஏதோ மன்னிப்புக் கேட்டு, மரப்பலகையை இழுத்துக் கடையை மூடினார். உள்ளே இருந்து கொடிக்கயிறு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டார். பிறகு ஆட்களைக் கூட்டிவரச் சைக்கிளில் ஊருக்குள் போனார்.

நாங்கள் குட்டியைக் கொண்டுபோய், நான் எடுத்த அதே இடத்தில் வைத்தோம். சப்பாத்துக்காரி ஈர மணலை அள்ளி அதன் உடம்பில் மெல்லத் தேய்த்தார், எங்கள் மணம் போகட்டும் என்று. அது திரும்பவும் கத்தியது. திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். என் வாழ்க்கையில் நான் நடந்த கடினமான தூரங்களில் அதுவும் ஒன்று.

மேட்டுக்கு வந்தபோது ஊர்ச்சனம் வந்துகொண்டிருந்தது. கடற்கரையில் சாய்மனைக் கூடைக் கதிரைகளை வாடகைக்கு விடுகிற கிழவர், பாண் கடைக்காரி, கொட்டிலில் குடியிருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், இன்னும் ஏழெட்டுப் பேர். உடுப்புக் காயப்போடுகிற கயிறு, படகுக் கயிறு, கிடைத்ததெல்லாம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு துவாயாகப் போய்க் குனிந்து, தாழ்ந்த குரலில் விசயத்தைச் சொன்னார்கள். தங்கள் வீட்டில் தங்கியிருப்பவர்களிடமே போய், "இன்றைக்கு எழும்புங்கோ" என்று சொல்வது லேசான காரியம் இல்லை. கதிரைக் கிழவர் கூடைக் கதிரைகளைத் தானே தெற்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அநேகமானவர்கள் மறுபேச்சில்லாமல் எழும்பினார்கள். சில பிள்ளைகள் விரலை வாயில் வைத்து மற்றப் பிள்ளைகளை அடக்கினார்கள்.

கரைக்குக் குறுக்கே கயிறு கட்டி, இடைக்கிடை ஒவ்வொருவராக நின்றோம். என்னையும் ஓரிடத்தில் நிறுத்தி, ஒரே ஒரு ஜேர்மன் வசனத்தைச் சொல்லித் தந்தார் சப்பாத்துக்காரி. "தயவுசெய்து நில்லுங்கள், தாய் காத்திருக்கிறாள்." அதைப் பத்துத் தரம் எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அதற்குள் செய்தி விடுதிக்குப் போய், என் கணவர் ஓடி வந்தார்.

"என்ன வேலை பார்த்து வைச்சிருக்கிறீர்? பொலிஸ் வந்து பேர் எழுதினா எங்கடை அன்ட்ராக் என்னாகும்? பேசாமல் வாரும்."

தஞ்சம் கேட்டுப் போட்ட விண்ணப்பத்தைத்தான் அன்ட்ராக் என்போம். எங்கள் உயிர் முழுக்க அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. அவர் பயந்ததில் பிழை இல்லை.

"பிழை விட்டது நானப்பா. நான் இதிலை நிக்கத்தான் வேணும். நீங்கள் வேணுமெண்டா போங்கோ" என்றேன்.

அவர் போகவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் அடங்காத கோபம். கழுத்தில் பெரிய கமரா. இரண்டு கிழமை விடுமுறைக்கு வருடம் முழுக்க உழைத்தவர், அவருக்கும் நியாயம் இருந்திருக்கும். நேரே என்னிடம் வந்தார். நான் என் வசனத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"நீயே வந்தவள். எனக்கு நீ வழி மறிக்கிறியோ?"

அந்தக் கேள்வி எனக்கு முழுதாக விளங்கியது. என்னிடம் வேறு ஜேர்மன் இல்லை. திரும்பவும் அதே வசனத்தைச் சொன்னேன். அப்போது ஐஸ்கிறீம் கடைக்காரர் நடந்து வந்து, எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றார்.

"அவ சொல்லுறது நாங்கள் எல்லாரும் சொல்லுறது. கடையும் என்ரைதான், பூட்டிப்போட்டுத்தான் நிக்கிறன்" என்றார். பின்னர் நேற்றைய காலநிலையைப் பற்றிப் பேசுவதுபோல அமைதியாகச் சேர்த்தார், "தெற்குக் கரை இண்டைக்கு நல்லாயிருக்கு."

அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டு போனார். அவருடைய மனைவி போகவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் எங்களோடு மணலில் இருந்துவிட்டார்.

பிறகு காத்திருப்புத்தான். காற்று குளிர்ந்தது. என் கம்பளிச் சட்டை குட்டியின் மணத்தோடு சப்பாத்துக்காரியின் சைக்கிளில் கிடந்தது. சப்பாத்துக்காரி என்னை மேட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்து, தன்னுடைய தூரக்கண்ணாடியைத் தந்தார். இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். அந்த நேரத்தில்தான் நான் கேட்டேன், இந்தச் சனத்தில் உங்களுக்குக் கோபம் இல்லையா என்று.

"கோபப்பட ஏலாது" என்றார். "அவை வராட்டி நாங்களும் எங்கடை பெரியாக்களைப் போல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்க வேணும். அவை வாறதாலைதான் நாங்கள் இஞ்சை இருக்கிறம். ஆனா எல்லாத்தையும் குடுத்துப்போட்டு இருக்கிறதெண்டா, அது இருக்கிறதில்லை."

பிறகு எனக்குப் பிள்ளை உண்டா என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் பயந்து வாழ்ந்த காலம் அது. எனக்கு ஒரு மகன். வழியில் என்ன நடக்குமோ என்று, நாலு வயதுப் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் என் தமக்கையிடம் விட்டுவிட்டு வந்தோம். விசாரணையில் அதிகாரி கேட்டார், பிள்ளையை விட்டுவிட்டா வந்தீர்கள் என்று. எங்கள் ஆட்களும் கேட்டார்கள். கேட்காதவர்கள் பார்வையால் கேட்டார்கள். நான் ஐந்து விரலைக் காட்டினேன், இப்போது ஐந்து வயது. பிறகு தூரத்தை, கடலுக்கு அப்பால், கையால் காட்டினேன்.

அவர் எதுவும் கேட்கவில்லை. தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி என் முதுகில் போட்டார். கடலைப் பார்த்தபடியே, முன்பு வீதியில் சொன்ன சொற்களைத் திரும்பவும் சொன்னார். "விட்டுட்டுப் போகேல்லை." குட்டியின் தாயைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நான் மணலில் முகத்தை வைத்து அழுதேன். அவர் தூரக்கண்ணாடியை எடுத்துத் தன் முறைக்குப் பார்க்கத் தொடங்கினார்.

பின்னேரம் ஆறு மணி இருக்கும். தண்ணீர் ஏறி, குட்டி கிடந்த இடத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. அலைக்கு நடுவில் ஒரு கறுப்புத் தலை தெரிந்தது. மறைந்தது. இன்னும் கிட்டத் தெரிந்தது. கயிற்றடியில் நின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாய் மணலுக்கு ஏறியது. உடம்பை இழுத்து இழுத்து வந்து, குட்டியின் முகத்தில் முகத்தை வைத்து மணந்தது. பிறகு திரும்பித் தண்ணீருக்குள் போய்விட்டது.

சப்பாத்துக்காரி என் கையை இறுக்கிப் பிடித்தார். அவருடைய கையும் ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. குட்டி கத்தியது. கத்திக்கொண்டே தண்ணீரை நோக்கித் தவழ்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை திரும்பவும் எழும்பியது. தாய் வந்தது. இந்த முறை பக்கவாட்டில் சரிந்து படுத்தது. குட்டி அதன் வயிற்றில் முட்டி முட்டித் தேடியது. பிறகு சத்தம் நின்றது.

பிள்ளை பால் குடிக்கத் தொடங்கியதும் வருகிற அந்த அமைதியை என் வேலையில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதுபோல ஒருநாளும் கேட்டதில்லை.

யாரும் கைதட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டும் தண்ணீருக்குள் இறங்கிப் போயின. ஊர்ச்சனம் கயிற்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு வீடுகளுக்கு, இல்லை, கொட்டில்களுக்குப் போனார்கள். பாண் கடைக்காரி போகும்போது என் கணவரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். என்னை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை, அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

அந்த மாரிகாலம் ஊர்ச்சபை கூடி, குட்டி போடும் மாதங்களில் வடக்குக் கரைக்கு ஒருவரும் போகக்கூடாது என்று முடிவெடுத்தது. பெரிய வாக்குவாதம் நடந்ததாம். அதனால் ஆகக் கூடுதலாக நட்டப்படப்போகிறவர் ஐஸ்கிறீம் கடைக்காரர். அவர்தான் முதலில் கையை உயர்த்தினார் என்று சப்பாத்துக்காரி என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

எங்கள் அன்ட்ராக் சரிவந்து நாங்கள் கெல்சென்கிர்ச்சன் நகரத்துக்குக் குடிவந்தோம். 1989இல் மகனைக் கூப்பிட அனுமதி கிடைத்தது. தெரிந்த குடும்பம் ஒன்றோடு டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். எட்டு வயது. கதவால் வெளியே வந்தவன் என்னைக் கண்டான். அந்தக் குடும்பத்து அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். ஓடிப்போய் வாரித் தூக்கிவிட என் உடம்பெல்லாம் துடித்தது. நான் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே முழங்காலில் இருந்து, அவன் என்னைப் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். ஆட்கள் எங்களுக்கு இடையால் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் வந்தான், தானாகத்தான் வந்தான்.

இப்போது நாங்களும் விடுமுறைக்குப் போகிறவர்கள்தான். புதிய இடம், புதிய சனம், கமரா எல்லாம் உண்டு. போகிற இடத்தில் ஏதாவது ஒன்றில் மனம் பறிகொடுத்து ஓடிப்போய்த் தொடவேண்டும் என்று தோன்றும்போதெல்லாம், வந்தவர்களை நம்பிப் பிழைத்த ஒரு சின்ன ஊர், ஒரு குட்டிக்காக அவர்களையே கும்பிட்டுக் கேட்டு விலக்கியதையும், பிழை விட்ட என்னைத் தங்களில் ஒருத்தியாகக் கயிற்றடியில் நிறுத்தியதையும் நினைத்து, இரண்டடி பின்னுக்குப் போய் நிற்கிறேன்.